கே.எல். போகுமுன் பெலாஞ்சாவான்குவை வைத்து ஒரு மாதம் கணக்குப் போட்டேன்

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். கே.எல். என்கிற கோலாலம்பூர் பக்கம் வேலை கிடைத்து, போவதா வேண்டாமா என்று ராத்திரி தூக்கம் வராமல் புரண்டு கிடப்பவர் நீங்கள் என்றால், ஊழியர் சேமநிதி வாரியம், அதாவது நம் வாயில் வருகிற இபிஎப், வெளியிட்டிருக்கும் 'பெலாஞ்சாவான்கு' செலவு வழிகாட்டியை ஒரு தடவை திறந்து பாருங்கள். காசு கிடையாது. ஆனால் அதில் இருக்கும் எண்ணை மட்டும் நம்பிப் பெட்டி கட்டிவிடாதீர்கள். பக்கத்தில் 555 என்கிற சின்னக் கணக்குப் புத்தகம் ஒன்றும் பேனாவும் வேண்டும்.

நான் இருப்பது பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட். வேலை ஈப்போவில், ஒரு சின்ன அலுவலகத்தில் கணக்கு எழுதுவது. தினமும் மோட்டாரில் போக வர அறுபது கிலோமீட்டர் கிட்ட. சம்பளம் 2,200 ரிங்கிட். கே.எல்.லை ஒட்டியிருக்கும் பெட்டாலிங் ஜெயாவில் இதே வேலைக்கு 3,100 தருகிறோம் என்று ஓர் இடத்திலிருந்து கூப்பிட்டார்கள். 900 வெள்ளி, ரிங்கிட்டை நாங்கள் அப்படித்தான் சொல்வோம், கூட! வீட்டில் சொன்னதும் அப்பா முகத்தில் சந்தோஷம்தான் முதலில் வந்தது, அம்மா மட்டும் ஒன்றும் சொல்லாமல் அடுப்படிக்குப் போய்விட்டு, கொஞ்ச நேரம் கழித்து வந்து, "அங்க சாப்பாட்டுக்கு எவ்வளோ ஆகும்?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அங்கிருந்துதான் இந்தத் தேடல் ஆரம்பித்தது.

முதலில் இரண்டு ஊர்ப் பெயரைப் போட்டால் செலவை ஒப்பிட்டுக் காட்டும் இணையதளம் ஒன்றைப் பார்த்தேன். பெயர் வேண்டாம். சுங்கை சிப்புட் அதில் இல்லவே இல்லை, சரி, ஈப்போவைப் போடலாம் என்று போட்டேன். அங்கே போய்வந்தவர்கள், வாழ்கிறவர்கள் என்று யார் யாரோ உள்ளிடும் விலையைக் கூட்டிச் சராசரி எடுக்கிறார்கள், அதனால் நகர நடுவில் ஒரு படுக்கையறை அப்பார்ட்மென்ட், ஜிம் கட்டணம், இறக்குமதிப் பாலாடைக்கட்டி என்று ஒரு பட்டியல் வருகிறது. நான் தனி அப்பார்ட்மென்ட் எடுக்கப் போவதில்லை, ஒரு ரூம் எடுக்கப் போகிறேன். வெளிநாட்டு நிறுவனச் சம்பளத்தில் வருகிறவருக்கு அது பயன்படலாம், ரப்பர் தோட்டத்து வீட்டுப் பிள்ளைக்கு அல்ல.

பெலாஞ்சாவான்கு அப்படி இல்லை. பெயருக்கே 'என் பட்ஜெட்' என்றுதான் பொருள். மலாயாப் பல்கலைக்கழகத்தின் சமூக நலவாழ்வு ஆய்வு மையமும் இபிஎப்பும் சேர்ந்து 2019இல் முதல் பதிப்பைக் கொண்டுவந்தார்கள், அப்போது கிள்ளான் பள்ளத்தாக்குக்கு, அதாவது கே.எல்.லுக்கும் சுற்றுப்புறத்துக்கும், மட்டும்தான் கணக்கு இருந்தது, பிறகு வந்த பதிப்புகளில் ஈப்போ உட்பட மற்ற நகரங்களையும் சேர்த்தார்கள். தனியாள், கணவன் மனைவி, பிள்ளைகள் உள்ள குடும்பம், வயதானவர்கள் என்று பிரித்து, ஒரு மாதம் ஓரளவு மரியாதையாக வாழ எவ்வளவு வேண்டும் என்று சொல்கிறது. தனியாள் என்றால்கூட பஸ்ஸிலும் ரயிலிலும் போகிறவர் வேறு, கார் வைத்திருப்பவர் வேறு. 2019 பதிப்பில் கிள்ளான் பள்ளத்தாக்கில் பஸ் ரயில்காரருக்கு 1,870 ரிங்கிட், கார்காரருக்கு 2,490. நான் பக்கம் பக்கமாகப் படித்துக் கணக்குக்கு எடுத்துக்கொண்டது 2022/2023 பதிப்பு, அதில் 1,930, 2,600 என்று இருந்தது. அதற்குப் பிறகும் புதிதாக வெளியிட்டிருக்கிறார்கள், நீங்கள் பார்க்கும்போது புதியதையே பாருங்கள்.

இந்த இரண்டு எண்ணையும் ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக வைத்துப் பார்த்தாலே பாதிப் பாடம் புரிந்துவிடும். கார் ஒன்று இருந்தால் மாதம் 670 ரிங்கிட் கூட. என்னோடு படித்த பையன்கள் வேலை கிடைத்த மூன்றாம் மாதமே ஒன்பது வருடக் கடனில் கார் எடுத்துவிட்டு, அப்புறம் சம்பளம் போதவில்லை என்று புலம்புவது ஏன் என்று எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது ஒன்று இருக்கிறது. சாப்பாடு, வீடு, போக்குவரத்து, மருத்துவம் என்று வழக்கமான தலைப்புகளோடு, சமூகப் பங்கேற்பு என்று ஒரு தலைப்பும் போட்டிருக்கிறார்கள். அதாவது சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போவது, அன்பளிப்பு வைப்பது, நண்பர்களோடு வெளியே போவது இதெல்லாம் ஆடம்பரம் இல்லை, மனுஷனாக வாழ வேண்டிய செலவு என்று ஒரு அரசாங்க வாரியத்தின் வழிகாட்டியே ஒத்துக்கொள்கிறது. நம் வீடுகளில் இது எவ்வளவு பெரிய செலவு என்று யாருக்குத் தெரியாது? தை மாதமும் ஆவணியும் வந்தால் வாரத்துக்கு ஓர் அழைப்பிதழ், மொய் வைக்காமல் மண்டபத்துக்குள் கால் வைக்க முடியுமா? சேமிப்புக்கும் அந்த 1,930க்குள்ளேயே ஒரு பங்கு வைத்திருக்கிறார்கள். அதுவும் நல்ல விஷயம், ஆனால் ஒப்பிடும்போது மறந்துவிடக் கூடாது.

சரி, இப்போது என் கணக்குக்கு வருகிறேன்.

900 கூட என்று நினைத்தது முதல் வரியிலேயே உடைந்தது. 3,100இல் இபிஎப் 11 சதவீதம், 341 போய்விடும், சொக்சோ என்கிற தொழிலாளர் சமூகப் பாதுகாப்புப் பிடித்தமும் வேலைக் காப்புறுதியும் சேர்த்து இன்னும் 20 சொச்சம். கைக்கு வருவது ஏறக்குறைய 2,740. இப்போது 2,200இல் எனக்குக் கைக்கு வருவது 1,940. ஆக உண்மையான வித்தியாசம் 800. வருமான வரி பற்றிப் பயந்தேன், ஆனால் தனிநபர் கழிவு 9,000, இபிஎப் கழிவு 4,000 எல்லாம் போக வரிக்குரிய வருமானம் 35,000க்குள் இருந்தால் 400 ரிங்கிட் தள்ளுபடி உண்டு, அதனால் இந்தச் சம்பளத்துக்கு வரி ஒன்றும் வரவில்லை.

இங்கே என் மாதச் செலவு: அம்மாவிடம் 400, பெட்ரோல் 60, மோட்டார் பார்க்க 30, மதியச் சாப்பாடு 200, போன் 40, பிடிபிடிஎன் என்கிற உயர்கல்விக் கடன் 150, காப்புறுதி 150, துணிமணி, மொய், சில்லறை என்று 300. கூட்டினால் 1,330. மிச்சம் 610.

அங்கே 1,930 என்பதை அப்படியே எடுத்துக்கொண்டேன். அதன் மேல் அம்மாவுக்கு 400. அதைக் குறைக்கிற பேச்சே இல்லை, அப்பாவுக்கு முதுகு போன பிறகு வீடு ஓடுவது அதில்தான். பிடிபிடிஎன் 150. மாதம் ஒரு தடவை ரயிலோ பஸ்ஸோ ஏறி ஊருக்கு வந்து போக 100. இவை என்னுடைய வரிகள், எந்த வழிகாட்டியும் இவற்றை எனக்காக எழுதி வைத்திருக்க முடியாது. 2,580 ஆகிவிட்டது. கைக்கு வருகிற 2,740இல் 160 மிச்சம் என்று முதல் நாள் எழுதி வைத்தேன். சேமிப்பு ஏற்கெனவே உள்ளே இருக்கிறதே, பரவாயில்லை என்றுகூட நினைத்தேன்.

அப்புறம் ரூம் பார்க்கப் போனேன்.

ஒரு சனிக்கிழமை முதல் ரயிலில் போய் நான்கு இடம் பார்த்தேன். அலுவலகம் தாமான் பஹாகியா எல்ஆர்டி நகர ரயில் நிலையம் பக்கம், அதனால் அந்தப் பாதையிலேயே தேடினேன். ஒன்று ஹாலைப் பலகை வைத்து மறைத்துச் செய்த ரூம், ஜன்னல் கிடையாது, 450. இன்னொன்று நல்ல ரூம், 750, ஏர்கான் மின்சாரம் தனி. மூன்றாவது இடத்தில் போனில் மலாயில் பேசியபோது எல்லாம் சரியாகத்தான் இருந்தது, நேரில் வாசலில் நின்ற என்னைப் பார்த்ததும் அந்த அம்மாள், ரூம் நேற்றே போய்விட்டது என்றார். அன்று சாயங்காலம் பார்த்தேன், விளம்பரம் அப்படியே இருந்தது. சில விளம்பரங்களில் இந்தியர் வேண்டாம் என்று நேராகவே எழுதியிருக்கிறார்கள், அது ஒரு விதத்தில் ரயில் காசையாவது மிச்சப்படுத்துகிறது. வாடகைக்கு இருப்பவரைக் காக்கத் தனிச் சட்டம் வேண்டும் என்று இந்த நாட்டில் வருடக்கணக்காகப் பேசுகிறார்கள். அதுவரைக்கும் பத்து ரூம் காலியாக இருந்தால் நமக்குத் திறக்கிற கதவு நாலோ ஐந்தோதான், அந்த நாலைந்துக்கு நாம் எல்லோரும் போட்டி போடுவதால் விலையும் கொஞ்சம் ஏறித்தான் நிற்கிறது. இது மனவருத்தம் மட்டும் இல்லை, இது ஒரு செலவு. பெலாஞ்சாவான்குவில் இந்த வரி இல்லை. நான் அதை 555 புத்தகத்தில் எழுதினேன்: ரூமுக்குக் கூடுதல் 250.

இப்போது கூட்டுங்கள். 2,830. கைக்கு வருவது 2,740. மாதம் 90 துண்டு விழுகிறது. வழிகாட்டி சேமிப்புக்கு வைத்த பங்கைத் தொட்டால் துண்டு விழாது, ஆனால் சுங்கை சிப்புட்டில் மாதம் 610 மிச்சம் பிடிக்கிற ஆள் அங்கே போய் 900 கூட வாங்கிக்கொண்டு கையில் ஒன்றுமில்லாமல் உட்கார்ந்திருப்பேன்.

இது மாதச் செலவு மட்டும்தான். உள்ளே நுழைய ஒரு காசு வேண்டும். இரண்டு மாத வாடகை முன்பணம், முதல் மாத வாடகை, தண்ணீர் மின்சாரத்துக்கு அரை மாத முன்பணம் என்பதுதான் அங்கே வழக்கம். 600 வெள்ளி ரூம் என்றால் 2,100 முதல் நாளே எண்ணி வைக்க வேண்டும். மெத்தை, மேசை விசிறி, வாசல் கார்டுக்கு முன்பணம், முதல் சம்பளம் வரும்வரை ஒரு மாதச் சாப்பாடு. நான் 3,500 என்று எழுதினேன். இங்கே ஆறு மாதம் சேர்த்தால்தான் அந்தத் தொகை. தோழி ஒருத்தி இபிஎப்பின் மூன்றாம் கணக்கிலிருந்து எடு என்றாள். 2024 மே மாதத்திலிருந்து மாதப் பிடித்தத்தில் 10 சதவீதம் அந்தக் கணக்குக்குப் போகிறது, எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். அப்பா அதற்கு ஒத்துக்கொள்ளவே இல்லை. முப்பது வருடம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டி, 55 வயதில் இபிஎப் எடுத்து இந்த வீட்டுக் கடனை அடைத்தவர் அவர், அந்தப் பணம் என்றால் அவருக்குச் சாமி அறைப் பணம் மாதிரி. அவர் சொன்னது சரி என்றுதான் எனக்கும் பட்டது.

மனைவி பிள்ளையோடு போக நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2019 பதிப்பிலேயே இரண்டு பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்குக் கிள்ளான் பள்ளத்தாக்கில் 6,620 ரிங்கிட் போட்டிருந்தார்கள். என் அக்கா கிள்ளானில் இருக்கிறார், இரண்டு பிள்ளைகள், கணவன் மனைவி இரண்டு பேரும் வேலைக்குப் போகிறார்கள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற ஆயாவுக்குக் கொடுக்கிற பணம் வீட்டுக் கடனுக்கு அடுத்த பெரிய செலவு என்கிறார். இங்கே எங்கள் தாமானில், அதாவது குடியிருப்பில், பிள்ளை யார் வீட்டில் சாப்பிட்டது, யார் வீட்டில் தூங்கியது என்று சாயங்காலம் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும், யாரும் காசு கேட்பதில்லை.

இந்த இடத்தில்தான் அம்மாவின் 555 புத்தகம் எனக்குக் கண்ணைத் திறந்துவிட்டது. தோட்டத்தில் இருந்த காலத்திலிருந்து அவர் அந்தச் சின்னப் புத்தகத்தில்தான் எழுதுகிறார், அப்போது கடைக் கணக்கு, இப்போது வீட்டுச் செலவு. நான் கே.எல். கணக்கைப் படித்துக் காட்டியதும், அவர் ஒரு பக்கத்தைத் திருப்பி, "இங்க நாம காசு குடுக்காம எதெல்லாம் சாப்பிடறோம், அதையும் எழுதும்மா" என்றார். எழுத எழுத வந்துகொண்டே இருந்தது. கொல்லையில் முருங்கைக் கீரை, கறிவேப்பிலை, பச்சை மிளகாய், வாழைக்காய். பக்கத்து வீட்டுப் பெரியம்மா தரும் முட்டை. காலையில் வீட்டுத் தோசையில் பசியாறுவது. செவ்வாய் வெள்ளி கோயில் சாப்பாடு. மோட்டார் செயின் அறுந்தால் மாட்டிக் கொடுத்துவிட்டுத் தண்ணீர் மட்டும் குடித்துப் போகிற மாமா. காய்ச்சல் வந்தால் கஞ்சி. அங்கே விலை போட்டுப் பார்த்தோம். காலைப் பசியாற ஒரு ரோட்டி சானாய், ஒரு தே தாரிக் என்று 5 வெள்ளி வைத்தால்கூட மாதம் 150. மதியம் இங்கே 9 வெள்ளிக்குச் சோறு, மீன், இரண்டு காய் சாப்பிடுகிறேன், அன்று பெட்டாலிங் ஜெயாவில் அதே தட்டுக்கு 13 கொடுத்தேன்.

பாட்டி தோட்டத்தை விட்டு வந்த கதையை அப்போது அம்மா சொன்னார். பால்மரத்தைச் சாய்த்துச் செம்பனை நட்டபோது லயத்தைக் காலி செய்யச் சொன்னார்கள். லயத்து வீட்டுக்கு வாடகை கிடையாது, தண்ணீருக்குக் காசு கிடையாது, விறகு காட்டில் கிடைத்தது. டவுனுக்கு வந்தால் எல்லாவற்றுக்கும் பில் வரும் என்று பயந்து பாட்டி மூன்று ராத்திரி அழுதாராம். தோட்டத் தொழிலாளர்களுக்காக 1960இல் அமைச்சர் சம்பந்தன் ஐயா தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிப் பங்கு வாங்கிய மனுஷி, ஒவ்வொரு காசுக்கும் கணக்கு வைத்திருந்தவர், அவருக்கே பயம். ஆனாலும் வந்தார். வந்ததால்தான் அம்மா ஐந்தாம் படிவம் வரை படித்தார், நான் டிப்ளோமா படித்தேன். அம்மா இதைச் சொன்னது என்னைப் போகச் சொல்லவா, இருக்கச் சொல்லவா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை, நானும் கேட்கவில்லை.

போவதற்கும் காரணம் இருக்கிறது, அதையும் நேர்மையாக எழுத வேண்டும். ஈப்போ அலுவலகத்தில் மூன்று வருடத்தில் என் சம்பளம் 250 ஏறியது. அங்கே பெரிய நிறுவனக் கணக்கு, தணிக்கை எல்லாம் கற்றுக்கொள்ளலாம். இபிஎப்பில் முதலாளி போடும் 13 சதவீதமும் சேர்த்தால் இப்போது மாதம் 528 விழுகிறது, 3,100 என்றால் 744. மாதம் 216 கூட, கண்ணில் படாத சேமிப்பு இது. செலவுக் கணக்கில் மட்டும் மூழ்கிப் போனால் இது தெரியாது. இதை எனக்கு வழிகாட்டி சொல்லவில்லை, அப்பா சொன்னார்.

போக்குவரத்தில் ஒரு நல்ல சேதி. மை50 என்று மாதம் 50 ரிங்கிட்டுக்கு ஒரு பாஸ் இருக்கிறது, எல்ஆர்டி, எம்ஆர்டி, மோனோரயில், ரேப்பிட் பஸ் எதில் வேண்டுமானாலும் முப்பது நாள் ஏறலாம், குடிமக்களுக்கு மட்டும். நான் இங்கே பெட்ரோலுக்குக் கொடுப்பதைவிடக் குறைவு. ஆனால் கேடிஎம் கொமுட்டர் என்கிற புறநகர் ரயிலுக்கு அது செல்லாது, அதனால் வாடகை குறைவு என்று கொமுட்டர் ஸ்டேஷன் பக்கம் ரூம் எடுப்பவர்கள் அந்தக் கட்டணத்தைத் தனியாகக் கூட்டிப் பாருங்கள்.

இந்தப் பாஸ்தான் கடைசியில் வழி காட்டியது. எவ்வளவு தூரம் போனாலும் 50தான் என்றால், அலுவலகத்துக்குப் பக்கத்தில் ரூம் எதற்கு? செந்தூலில் தேடினேன். கோயில் பழக்கத்தில் அப்பாவுக்குத் தெரிந்தவர் மூலமாக ஓர் அக்கா வீட்டில் ரூம் கிடைத்தது, 480, சமைத்துக்கொள்ளலாம், ஒரு மாத முன்பணம் போதும் என்றார். செந்தூலிலிருந்து மஸ்ஜிட் ஜாமெக்கில் மாறித் தாமான் பஹாகியா போக ஒரு மணி நேரம். மோட்டாரில் மழையில் நனைந்து ஈப்போ போகிறவளுக்கு ரயிலில் ஒரு மணி நேரம் பெரிதாகத் தெரியவில்லை. புத்தகத்தில் ரூமுக்குப் போட்ட கூடுதல் 250ஐ 130 ஆக்கினேன், மாதம் 2,710. நுழைவுக்காசும் 3,500இலிருந்து 2,000க்கு இறங்கியது.

அதன் பிறகு அந்தக் கணக்கை ஒரு பக்கத்தில் சுத்தமாக எழுதி வைத்துக்கொண்டு, 3,100 போதாது, 3,400 வேண்டும் என்று கேட்டேன். வாழ்க்கையில் முதல் தடவை சம்பளம் பேசுகிறேன், குரல் நடுங்கியது, ஆனால் எண் கையில் இருந்ததால் நிற்க முடிந்தது. 3,300 தருவதாகச் சொன்னார்கள். கைக்கு 2,914. துண்டு விழாது, கொஞ்சம் மிச்சமும் இருக்கும். இங்கே மிஞ்சுகிற 610 அளவுக்கு இல்லை. இரண்டு வருடம் என்று எனக்கு நானே கெடு வைத்திருக்கிறேன், அதற்குள் சம்பளம் 4,000ஐத் தொடாவிட்டால் திரும்பி வருவேன்.

வழிகாட்டிக்கு மதிப்பெண் போடச் சொன்னால் பத்துக்கு எட்டு. நான் பார்த்தவரை மலாயிலும் ஆங்கிலத்திலும்தான் இருக்கிறது, அம்மாவுக்கு வரி வரியாக நான் சொல்ல வேண்டியிருந்தது, தமிழில் நாலு பக்கச் சுருக்கம் இருந்தால் தோட்டப்புறத்தில் எத்தனையோ வீட்டில் பிள்ளையை அனுப்புகிற பெற்றோர் தாங்களே பார்த்துக்கொள்வார்கள். பெரிய நகரங்களுக்குத்தான் எண் இருக்கிறது, சுங்கை சிப்புட், தஞ்சோங் மாலிம், பாகான் செராய் மாதிரி ஊரிலிருந்து கிளம்புகிறவர்கள் இந்தப் பக்கத்துக் கணக்கைத் தாங்களே எழுதிக்கொள்ள வேண்டும். ஒரு முழு மாதம் எழுதுங்கள், ஒரு வாரம் போதாது. காசு கொடுக்காமல் கிடைப்பதையும் மறக்காமல் எழுதுங்கள்.

மாதக் கடைசியில் சாமான் ஏற்ற வேண்டும். மாமா வேன் தருகிறார், கூலி வேண்டாம் என்கிறார், பெட்ரோலும் டோலும் நம்முடையது. அம்மா அதை ஏற்கெனவே எழுதிவிட்டார்.